சிக்கிள் செல் ஆப்பிரிக்கர்களின் நோய்தானே, நமக்கு எதற்கு விழிப்புணர்வு?

11 ஜூன் 2024, மாலை 6.10 (கோவை வாசகர் ஒருவரின் கேள்வி)

ஊட்டி போயிருந்தபோது "ஜூன் 19 உலக சிக்கிள் செல் தினம்" என்று ஒரு தட்டி பார்த்தேன். இது ஆப்பிரிக்கர்களுக்கு வரும் நோய் என்றுதான் பள்ளியில் படித்தது ஞாபகம். டெங்குவும் சர்க்கரையும் இத்தனை பேரை வாட்டும்போது, நம் ஊரில் இல்லாத ஒரு நோய்க்கு எதற்குத் தட்டியும் ஊர்வலமும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

11 ஜூன் 2024, இரவு 9.45

நம் ஊரில் இருக்கிறது. கூடலூரிலிருந்து எழுதுகிறேன். 31 வருடம் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் ஆசிரியை, 2022இல் ஓய்வு பெற்றேன். இந்தியாவில் இந்த ரத்தக் குறையை முதன்முதலில் கண்டதே எங்கள் நீலகிரியில்தான். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் இங்குள்ள பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். அதே வருடம் அசாம் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த தொழிலாளர்களிடமும் இது இருப்பது தெரியவந்தது. அதாவது நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம்.

ஆனால் நானும் வகுப்பில் "ஆப்பிரிக்காவில் காணப்படும் நோய்" என்றுதான் நடத்தினேன். அதே வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் அந்த நோயோடு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், இன்றைக்கு முடியவில்லை.

12 ஜூன் 2024, காலை

நோய் என்ன என்று கேட்டிருந்தார்கள். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ரத்தச் சிவப்பணு வட்டமாக, நடுவில் குழிந்து, மெத்தென்று இருக்கும். எவ்வளவு குறுகலான நாளத்திலும் வளைந்து நுழைந்துவிடும். அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபின் புரதத்தில் ஒரே ஒரு கண்ணி மாறியிருப்பதுதான் இந்த நோய். பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், அங்கே வேலின் என்ற வேறொரு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிராணவாயுவை இறக்கிவிட்டதும் இந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாராகிவிடும். அணு விறைத்து அரிவாள் போல வளைந்துவிடும். விறைத்த அணுக்கள் சிறு நாளங்களில் சிக்கிக்கொள்ள, ரத்தம் போகாத இடம் வலிக்கும். எலும்பு, முதுகு, நெஞ்சு, வயிறு என்று எங்கு வேண்டுமானாலும் வரும். சாதாரண சிவப்பணு 120 நாள் வரை ஓடும். இவை 10, 20 நாளில் உடைந்துவிடும். அதனால்தான் எப்போதும் ரத்தசோகை, கண்ணில் மஞ்சள்.

இது தொற்று இல்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டால் வராது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கேரியர். கேரியர்கள் பொதுவாக எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்துவிடுவார்கள்.

12 ஜூன் 2024, மதியம்

காலையில் எழுதியதைப் படித்தேன். வகுப்பறைக் குரல் வந்துவிட்டது, பழக்கம். ஒன்று விட்டுப்போனது, பெயர்.

தட்டிகளில் "அரிவாள் செல்" என்று தமிழ்ப்படுத்துகிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு ஒரு காலனியில் முகாம் நடந்தபோது பனியர் பழங்குடிப் பாட்டி ஒருவர் அந்தத் தட்டியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டதும் முகம் வெளிறிப்போனது. "ரத்தத்துக்குள்ள அரிவாளா? யாரு வெச்சா?" என்றார். பேரனுக்குச் செய்வினை என்று நினைத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் நேரில் பேசும்போது "சிக்கிள்" என்று மட்டும்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் எல்லோர் வாயிலும் அதுதான் புழங்குகிறது. "பையனுக்கு சிக்கிள் இருக்கு" என்றால் புரியும். எழுத்தில் தமிழ் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பாட்டியின் முகத்தைப் பார்த்திருந்தால் அவர்களும் யோசிப்பார்கள்.

13 ஜூன் 2024, இரவு 11.20

சரி, மூன்றாவது பெஞ்சுப் பையன்.

1998. ஏழாம் வகுப்பு. ஒல்லியாக, வயதுக்கு ஒரு சாண் குள்ளமாக இருப்பான். மாதத்தில் ஐந்தாறு நாள் வரமாட்டான். வந்தாலும் அடிக்கடி தண்ணீர் குடிக்க எழுந்திருப்பான், ஒன்றுக்குப் போக வேண்டும் என்பான். நான் பாடத்தைக் கெடுக்கிறான் என்று நினைத்தேன். சிக்கிள் உள்ளவர்களின் சிறுநீரகத்தால் சிறுநீரைக் கெட்டியாக்க முடியாது, அதனால் நிறையப் போகும், நிறையக் குடிக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்தது ரொம்ப வருடம் கழித்து.

ஜூலை மாதம், சாரல். விளையாட்டு ஆசிரியர் விடுப்பு, நான்தான் பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். அவன் ஓரமாக உட்கார்ந்திருந்தான். எழுந்து ஓடச் சொன்னேன். இரண்டு சுற்று ஓடினான். அன்றிரவு அவனைக் கம்பளியில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தான்.

குளிர், ஈரம், களைப்பு, தண்ணீர் குறைவது, காய்ச்சல் எல்லாமே வலியைக் கிளப்பும். நான் ஒரே பாட வேளையில் அவனுக்கு மூன்றைக் கொடுத்தேன்.

பிழைத்துக்கொண்டான். இப்போதும் இங்கேதான் இருக்கிறான். நான் இந்த வேலையில் இறங்கியதற்குக் காரணம் அவன்தான். யாராவது "சேவை" என்று சொல்லும்போது எனக்குக் கூசுகிறது.

14 ஜூன் 2024

ஆறுதல் சொன்னவர்களுக்கு: ஆறுதல் வேண்டாம். உங்களில் ஆசிரியர்கள் இருந்தால் வகுப்பில் ஒரு பிள்ளையைத் தண்ணீர் குடிக்க விடுங்கள், அது போதும்.

16 ஜூன் 2024

"கல்யாணத்துக்கு முன்பு இருவருக்கும் டெஸ்ட் எடுத்தால் இரண்டு தலைமுறையில் நோயே போய்விடும், இதைவிட எளிய வழி என்ன?" என்று சேலத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

நானும் அதே கட்சிதான். நைஜீரியாவைப் பாருங்கள். வருடத்துக்குச் சுமார் ஒன்றரை லட்சம் குழந்தைகள் இந்த நோயோடு பிறக்கும் நாடு. அங்கே படித்த பிள்ளைகளுக்குத் தன் ரத்தம் ஏஏவா (மரபணு இல்லை), ஏஎஸ்ஸா (கேரியர்), எஸ்எஸ்ஸா (நோய்) என்று தெரியும். பல தேவாலயங்களில் அந்தத் தாளைக் காட்டாமல் திருமணம் நடத்திவைப்பதில்லை. நாம் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், பதினோராவதாக இதையும் பார்த்துவிட்டால் என்ன? 2023 ஜூலை 1ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தில் ஷாடோலில் தொடங்கிய தேசியத் திட்டமும் இந்த வழியில்தான் போகிறது. 17 மாநிலங்கள், அதில் தமிழ்நாடும் உண்டு. 40 வயது வரை 7 கோடிப் பேருக்குச் சோதனை. சோதனை முடிவோடு ஆளுக்கு ஒரு அட்டை. 2047க்குள் ஒழிப்பது இலக்கு.

19 ஜூன் 2024

இன்று ஊர்வலம். நூற்றைம்பது பிள்ளைகள், அட்டைகள், கோஷம். மழை பிடித்துக்கொண்டது. பேசியவர்கள் எல்லோரும் "விழிப்புணர்வு" என்று ஆளுக்குப் பத்துத் தடவை சொன்னார்கள். நோய் உள்ள நான்கு பேரை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். யாரும் அவர்களைப் பேசச் சொல்லவில்லை. ஈரத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் ஸ்வெட்டரைக் கொடுத்தேன். ஐ.நா. சபை 2008இல் இந்த நாளை அறிவித்தபோது ஜூன் மாதம் மேற்குத் தொடர்ச்சி மலையில் எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் கூரைக்குக் கீழே வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

22 ஜூன் 2024, இரவு

16ஆம் தேதி எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

நேற்று என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். தங்கைக்கு நிச்சயம் ஆகி, பையன் வீட்டார் அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். தங்கை கேரியர், அவ்வளவுதான். ஒரு நோயும் இல்லை, இரண்டு வருடமாக ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்க்கிறாள். "ரத்தத்துல நோவு இருக்கிற பொண்ணு வேண்டாம்" என்று நிறுத்திவிட்டார்கள். பையனுக்குச் சோதனை எடுத்தீர்களா என்று கேட்டேன். எடுக்கவே இல்லை. அவன் கேரியர் இல்லையென்றால் இவர்களுக்குப் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் இந்த நோய் வராது. எடுத்திருந்தால் ஒரு தாளில் முடிந்திருக்கும் விஷயம். பெண்ணின் அட்டையை மட்டும் பார்த்து ஒரு முடிவு. இப்போது காலனி முழுக்கத் தெரிந்துவிட்டது, அடுத்து யார் கேட்டு வருவார்கள் என்று அக்கா அழுகிறாள்.

அந்தக் காலனியில் "எல்லோரும் டெஸ்ட் எடுங்கள்" என்று மைக் பிடித்தது நான்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. கிரேக்க நாட்டில் ஓர்கோமெனோஸ் என்ற ஊரில் இந்த மரபணு நிறைய. அங்கே மருத்துவர்கள் ஊர் முழுக்கச் சோதித்து, கேரியர் கேரியரைக் கட்ட வேண்டாம் என்று அறிவுரை சொன்னார்கள். சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், கேரியர் கேரியரைக் கட்டியிருந்த ஜோடிகள் எந்தச் சோதனையும் இல்லாதபோது எவ்வளவு இருக்குமோ அவ்வளவே இருந்தன. கேரியர் என்ற பெயரே களங்கமாகிவிட்டதால் பலர் மறைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் கறுப்பினத்தவருக்கு மட்டும் கட்டாயச் சோதனைச் சட்டம் போட்டன. கேரியர் வேறு, நோயாளி வேறு என்று சட்டம் எழுதியவர்களுக்கே விளங்கவில்லை. கேரியர்களுக்கு வேலை போயிற்று, காப்பீட்டில் கூடுதல் பணம் கேட்டார்கள். அவர்களுடைய விமானப்படை அகாடமி 1981 வரை கேரியர்களைச் சேர்க்கவில்லை.

சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. சோதனை வேண்டும். எடுப்பவரோடு தனியாக உட்கார்ந்து அரை மணி நேரம் பேசவும் ஆள் வேண்டும். மைக்கில் சொல்லிவிட்டுப் போவது பேச்சாகாது.

23 ஜூன் 2024

"அப்படியானால் அட்டையை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா" என்று சேலத்து நண்பர். அவளுடையது, அவள் யாரிடம் காட்ட நினைக்கிறாளோ அவர்களிடம் காட்டட்டும். அவனும் தன்னுடையதைக் காட்டட்டும். இரண்டு அட்டையும் ஒரே மேசைக்கு வராமல் எதுவும் சொல்ல முடியாது.

24 ஜூன் 2024

கணக்கு ஒன்று. இரண்டு கேரியர்கள் கட்டிக்கொண்டால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய்க்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, கேரியராக நாலில் இரண்டு, எதுவும் இல்லாமல் பிறக்க நாலில் ஒன்று. இதை எல்லாத் தட்டியிலும் நாலு பொம்மை போட்டுக் காட்டுகிறார்கள். மூன்று பொம்மைக்கு ஒரு நிறம், நாலாவது சிவப்பு. படம் பார்த்த ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: "மூத்தவனுக்கு வந்துடுச்சு டீச்சர், இனி மூணுக்கு வராதுல்ல." அந்தப் பொம்மைப் படம் அப்படித்தான் சொல்கிறது, அவள் மேல் தப்பில்லை.

நான் புளியங்கொட்டையில் காட்டுவேன். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய இரண்டு கொட்டை, தாயம் போடுவது போல. ஒன்று அப்பா கொடுப்பது, ஒன்று அம்மா கொடுப்பது. இரண்டும் வெள்ளை விழுந்தால் நோய். உருட்டச் சொல்வேன். ஒருமுறை விழுந்தால் அடுத்த முறை விழாது என்று தாயம் ஆடிய யாரும் சொல்ல மாட்டார்கள். ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். எங்கள் ஊரில் பாட்டிமார்தான் இதை முதலில் பிடித்துக்கொள்வார்கள், ஆடி ஆடிக் கை பழகியவர்கள்.

25 ஜூன் 2024

"பழங்குடிகளின் நோய்" என்று நேற்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பனியர், குறும்பர், இருளர் இவர்களிடம் அதிகம், உண்மைதான். ஆனால் வயநாடன் செட்டிகளிடமும் நிறையப் பார்க்கலாம், அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் எத்தனையோ சாதிகளில் இருக்கிறது. மலேரியா தலைமுறை தலைமுறையாக ஆட்டிப்படைத்த இடங்களில் இந்த மரபணு தங்கிவிட்டது. கேரியர் குழந்தைகள் மலேரியாவுக்குச் சாகாமல் தப்பினார்கள் என்பதை ஆலிசன் என்ற ஆய்வாளர் 1954இல் எழுதினார். பழைய வயநாட்டுக் காட்டுக் காய்ச்சலைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்வார்கள். அந்தக் காய்ச்சலுக்கு நடுவே உயிரைக் காப்பாற்றிக்கொடுத்த ரத்தம் அது. சாதிக் குறை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

2 ஜூலை 2024

செவிலியராக இருக்கும் தங்கை ஒருவர் திருத்தினார், சரியான திருத்தம். 12ஆம் தேதி "எப்போதும் ரத்தசோகை" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு யாரும் இரும்புச்சத்து மாத்திரையை அள்ளிக் கொடுத்துவிட வேண்டாம். இது இரும்பு குறைந்து வரும் சோகை இல்லை, அணு சீக்கிரம் உடைவதால் வருவது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் உடம்பில் இரும்பு ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும். சோதித்து, குறைவு இருந்தால் மட்டும் மருத்துவர் தருவார். தினமும் வேண்டியது ஃபோலிக் அமிலம்.

அவர் சொன்ன இன்னொன்று எனக்கே புதிது. சிறு குழந்தைக்கு மண்ணீரலில் திடீரென்று ரத்தம் தேங்கி, சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். இடது விலாவுக்குக் கீழே தினமும் தடவிப் பார்க்கத் தாய்க்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும், வீங்கினால் அவளுக்கே தெரிந்துவிடும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது செய்யலாம். இதற்கு எந்த இயந்திரமும் வேண்டாம். எந்தத் தட்டியிலும் இதை நான் பார்த்ததில்லை.

காய்ச்சலும் அப்படித்தான். மண்ணீரல் பழுதான குழந்தைக்கு நிமோனியாக் கிருமி சட்டென்று ரத்தத்தில் பரவிவிடும். அதனால்தான் ஐந்து வயது வரை தினமும் இரு வேளை பென்சிலின். 101ஐத் தாண்டினால் கஷாயம் வைத்துக் காத்திருக்கக் கூடாது, அன்றே போக வேண்டும்.

5 ஜூலை 2024

சிக்கிளுக்குத் தரும் ஹைட்ராக்சியூரியா மாத்திரை பற்றிக் கேட்டவருக்கு. குழந்தை கருவில் இருக்கும்போது வேறு வகை ஹீமோகுளோபின் ஓடும், பிறந்த பிறகு நின்றுவிடும். அது இருக்கும் அணு எளிதில் வளையாது. இந்த மாத்திரை அதை மறுபடி ஊறச்செய்கிறது. வலி வரும் தடவைகள் குறைகின்றன. அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது. அந்த வருடத்தை நினைக்கும்போதெல்லாம் மைதானம்தான் கண்ணில் வரும்.

இங்கே சிக்கல் மருந்துக் கடையில். ஒரு தாய் சீட்டைக் கொடுத்ததும் கடைக்காரர் "இது கேன்சர் மாத்திரை ஆச்சே" என்றிருக்கிறார். ரத்தப் புற்றுக்கும் அதே மருந்து உண்டு, அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அவள் அன்றே நிறுத்திவிட்டாள். நான்கு மாதம் கழித்துப் பையன் வலியோடு வந்தபோதுதான் தெரிந்தது. ஒழுங்காக ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் நல்ல மருந்து. கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு மருந்துக் கடைக்காரர்களை யாராவது கூப்பிட்டிருக்கிறோமா? நானும் கூப்பிட்டதில்லை.

3 ஆகஸ்ட் 2024

வயநாட்டில் சூரல்மலை, முண்டக்கை நிலச்சரிவு. மலைக்கு அந்தப் பக்கம் நடந்தாலும் எங்களுக்கு எல்லோரும் உறவு, தெரிந்தவர்கள். எழுதக் கை வரவில்லை. மழை நிற்கட்டும்.

28 ஆகஸ்ட் 2024

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இருபத்திரண்டு வயது இளைஞன், பனியர். நள்ளிரவில் முதுகும் தொடையும் வலி தாங்காமல் ஒரு மருத்துவமனைக்குப் போகிறான். ஊர் பெயர் வேண்டாம். கண் மஞ்சள், நிற்க முடியாமல் தள்ளாட்டம், வார்த்தை குழறுகிறது. முதல் கேள்வி: "எவ்வளவு குடிச்சே?" குடிப்பதே இல்லை என்கிறான். சிரிக்கிறார்கள். காலையில் பார்க்கலாம் என்று பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். அவன் சட்டைப் பையில் அட்டை இருந்தது. எடுத்துக் காட்டினான். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

விடியும்போது நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். நுரையீரலுக்குப் போய்விட்டது. வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள்.

அணு உடைந்தால் கண் மஞ்சளாகும். அந்த மஞ்சளைப் பார்த்து, பனியர் பையன் என்பதையும் பார்த்து, அவர்களாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஜூன் மாதம் முழுக்க நாங்கள் காலனி காலனியாகப் போய் "உங்கள் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்" என்று பேசினோம். அவனுக்குத் தன் நோய் தெரியும். மருந்தின் பெயர் தெரியும், அட்டையும் கையில் இருந்தது. தெரியாமல் இருந்தது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு.

கோவை நண்பரே, தமிழ்நாட்டில் எதற்கு விழிப்புணர்வு என்று கேட்டீர்கள். யாருக்கு என்று கேட்டிருந்தால் இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

30 ஆகஸ்ட் 2024

மருத்துவத் துறையில் உள்ள இருவர் கோபித்துக்கொண்டார்கள். எல்லா மருத்துவமனையும் அப்படி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் பல வருடமாக இந்த நோய்க்கென்றே தனியாகக் கவனிக்கிறார்கள், செவிலியர்களில் பலர் பழங்குடிப் பெண்கள். வலி என்று சொன்னால் அவன் மொழியிலேயே "எங்கே, எப்போதிருந்து" என்று கேட்க ஆள் இருக்கிறது. அவர்கள் இல்லையென்றால் எங்கள் பக்கத்துக் கதை வேறாக இருந்திருக்கும்.

கோபித்துக்கொண்டவர்களில் ஒருவர் தனியாக எழுதினார். தன் படிப்புக் காலம் முழுக்க ஒரு சிக்கிள் நோயாளியைக்கூடப் பார்த்ததில்லையாம், தேர்வுக்குப் படித்ததோடு சரி. மலைக்கு வந்த முதல் மாதம் தானும் ஒருவரைக் குடிகாரர் என்று நினைத்ததாகச் சொன்னார். அதை எழுதலாமா என்று கேட்டேன், பெயர் இல்லாமல் எழுதுங்கள் என்றார். அவருக்கு என் நன்றி.

14 அக்டோபர் 2024

மரபணுவையே திருத்தும் சிகிச்சை வந்துவிட்டதாமே என்று கேள்வி. வந்திருக்கிறது. பிரிட்டனில் 2023 நவம்பரிலும் அமெரிக்காவில் டிசம்பரிலும் அனுமதித்தார்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜை அணுக்களை எடுத்து, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் திருத்தி, திரும்பச் செலுத்துவது. அமெரிக்காவில் ஒருவருக்கு 22 லட்சம் டாலர். அந்தச் செய்தியை நானும் வெட்டி வைத்திருக்கிறேன், இந்த ஜென்மத்தில் இப்படியொன்று வரும் என்று நினைத்ததில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு அது வரும்வரை தண்ணீர், கம்பளி, பென்சிலின், ஹைட்ராக்சியூரியா. இந்த நான்கும் தவறாமல் கிடைத்தாலே பெரிய மாற்றம்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றிக் கேட்டவருக்கு: 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த நோயும் பட்டியலில் இருக்கிறது. தைரியமாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

17 நவம்பர் 2024, இரவு

மூன்றாவது பெஞ்சுப் பையனைப் பார்த்தேன்.

அவனுக்கு இப்போது 38 வயது. சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறான். இடுப்பு எலும்புக்கு ரத்தம் போகாமல் தேய்ந்துவிட்டதால் கோலூன்றித்தான் நடை. கடை முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து, நான் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டினேன். கேட்காமல் எழுதிவிட்டேன், தப்பு என்றேன். பரவாயில்லை என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒண்ணு விட்டுட்டீங்க டீச்சர்" என்றான்.

"ஓடுனதால மட்டும் வரல. காலையிலயே வலி இருந்துச்சு. பிரேயர் முடிஞ்சதும் உங்ககிட்ட வந்து சொன்னேன், கால் வலிக்குது டீச்சர்னு. போய் உட்காருன்னீங்க."

எனக்கு அது ஞாபகமே இல்லை. இருபத்தாறு வருடமாக அந்த நாளை நினைத்து நினைத்துப் பார்த்திருக்கிறேன். மழை, மைதானம், அவன் சட்டை நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. காலையில் அவன் வந்து சொன்னது மட்டும் இல்லை. எனக்குத் தெரியாமல் செய்த தப்பு என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன். அவன் சொல்லியிருக்கிறான்.

28 ஆகஸ்ட் அன்று எவ்வளவு கோபமாக எழுதினேன் என்று போய்ப் படித்துப் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருந்தேன்.

19 நவம்பர் 2024

13 ஜூன் குறிப்பை அழிக்கவில்லை, மாற்றவும் இல்லை. கீழே அவன் சொன்னதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

12 ஜனவரி 2025

பொங்கலுக்குள் செய்ய நினைத்தது ஓரளவு நடந்தது. நோய் உள்ள ஆறு பேர், நாங்கள் மூன்று ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். காலனிக்குப் போகவில்லை. நான்கு பள்ளிகளின் ஆசிரியர் அறை, இரண்டு மருந்துக் கடை, ஜீப் ஓட்டுநர் நிறுத்தம் ஒன்று. பேசியது அவர்கள் ஆறு பேர்தான். மளிகைக்கடைக்காரனும் வந்தான், முதலில் மறுத்தவன், அப்புறம் எல்லோரையும்விட அதிகமாகப் பேசினான். ஓட்டுநர்கள் கேட்ட கேள்விகள்தான் உருப்படியானவை: ஊட்டிக்கு ஏறும்போது எந்தப் பக்கம் உட்காரவைப்பது, கண்ணாடியை ஏற்றிவிடவா, வழியில் சூடாக என்ன வாங்கிக் கொடுக்கலாம், படுக்கவைக்கவா சாய்ந்து உட்காரவைக்கவா. அவர்களுடைய எண்களை ஒரு தாளில் எழுதி அந்த ஆறு வீட்டுச் சுவரிலும் ஒட்டியாயிற்று.

மருத்துவமனைகளில் பேச இன்னும் அனுமதி வரவில்லை. கடிதம் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது.

26 ஜனவரி 2025

ஜவுளிக்கடைத் தங்கையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: வேறு இடத்தில் பேச்சு நடக்கிறது. இந்தப் பையன் தானாகவே போய்ச் சோதனை எடுத்து, தாளை அவள் அக்காவின் கையில் கொடுத்திருக்கிறான். என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை.